லெப்டொப்பில் இருந்த கேடயம்

என் கணவரின் அம்மா, மாமி, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் கொத்மலையிலிருந்து வந்துவிட்டார். நான் படிப்பிக்கிற பாடசாலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் பின்னேர வகுப்புக்குப் போயிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், வீட்டில் வேறு யாருமே இல்லாதபோதும் குரலைத் தாழ்த்திப் பேசினார். மகனைத் தம்பி என்றுதான் அவர் சொல்வார்.

"தம்பி போன் பண்ணுச்சு. ஒனக்கு மாருல கட்டி மாதிரி ஏதோ இருக்காமே. ஏன் புள்ள வாயத் தெறக்காம இருக்க? நாளைக்கே கிளினிக்குக்குப் போவோம்."

அந்தக் கட்டியைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பயத்தில் லெப்டொப்பைத் திறந்து, அது என்னவாக இருக்கும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறித் தேடிப் படித்தேன். அவ்வளவுதான். கட்டாரில் லொறி ஓட்டும் என் கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கிறவரை ஏன் கலங்கவைக்க வேண்டும், ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

என் கணவருக்கு யார் சொன்னது என்று மாமியிடம் கேட்டேன். வேறு யார் சொல்வார்கள், நீதான் சொல்லியிருப்பாய் என்றார். அவரைப் பொறுத்தவரை அதில் யோசிக்க எதுவும் இல்லை.

மறுநாள் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். மாமி ஊருக்குத் திரும்பிப் போனார். அன்றைக்குக் கணவர் பேசியபோது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உன் முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்றார். கெமராவில் மங்கலாகத் தெரியும் முகத்தில் அப்படி என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அதற்கு முன்பும் இப்படி ஒன்றிரண்டு நடந்திருந்தன. நான் தையல் மெசின் விலை பார்த்த வாரம், தைக்கப் பழகப்போகிறாயா என்று கேட்டார். கண்டியில் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா என்று நான் தேடிய வாரம், அவ்வளவு தூரம் போய்வருவது சிரமம் என்று தானாகவே ஆரம்பித்தார். மகள்தான் அப்பாவிடம் ஒப்பித்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் லெப்டொப் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. எதைத் தேடினாலும் அதுவரை கண்டிராத ஒரு பக்கம் வந்து நின்றது. மூலைகளில் விளம்பரங்கள் முளைத்தன. உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, சுத்தம் செய்ய இங்கே அழுத்துங்கள் என்று சிவப்பில் ஒரு பெட்டி மின்னியது. ஆறாம் வகுப்பு மகளின் பாட வீடியோக்களும் என் வினாத்தாள்களும் அதில்தான் இருந்தன. அதனால் சனிக்கிழமை அதைப் பையில் போட்டுக்கொண்டு றொசல்லயில் ரயில் ஏறி ஹட்டனுக்குப் போனேன். என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி அங்கே பஸாருக்கு மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறாள்.

அவள் முதலில் கேட்டது, அந்தச் சிவப்புப் பெட்டியை அழுத்தினாயா என்றுதான். இல்லை என்றதும் நிம்மதியானாள். அதை அழுத்தியிருந்தால், சுத்தம் செய்கிறேன் என்று இன்னும் நாலைந்து அழுக்கை உள்ளே இறக்கியிருக்கும் என்றாள். பிறகு பிரவுசரின் அமைப்புக்குள் போய் ஒரு பட்டியலைத் திறந்தாள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற சின்னச் சின்ன நிரல்கள் அதில் வரிசையாக இருந்தன. எக்ஸ்டென்ஷன் என்பது இவைதான் என்றாள். அவற்றில் எதையுமே நான் தெரிந்து போட்டதில்லை.

ஒவ்வொன்றாகத் திறந்து, அதற்கு என்னென்ன அனுமதி இருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள். விலைக்கழிவு தேடித் தருவதாகச் சொன்ன ஒன்றுக்கு, நான் போகிற எல்லாத் தளங்களிலும் உள்ள என் தகவல்களை வாசிக்கவும் மாற்றவும் அனுமதி இருந்தது. வீடியோ இறக்கித் தருகிற இன்னொன்றுக்கும் அப்படியே. அதை மகள் பாட வீடியோவுக்காகப் போட்டிருக்க வேண்டும். தேடுகிற பக்கத்தை மாற்றியதும் அதுதான். இரண்டையும் நீக்கினாள். தேடும் பக்கத்தைப் பழையபடி மாற்றினாள். விளம்பரம் காட்ட நான் எப்போதோ கவனிக்காமல் கொடுத்திருந்த அனுமதிகளையும் எடுத்தாள். பிரவுசரை மூடித் திறந்து மறுபடியும் பட்டியலைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

கடைசியில் கேடயப் படம் போட்ட ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அதன் நீக்கு பட்டன் மங்கிப்போய், அழுத்த முடியாமல் கிடந்தது.

"இது நீ போட்டதா?"

இல்லை என்றேன். அவள் அதை விரித்து வாசித்தாள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கானது. கணினியில் என்ன தேடுகிறார்கள், எந்தப் பக்கத்துக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் பெற்றோரின் ஈமெயிலுக்கு அனுப்பிவைக்கும். அனுப்புகிற முகவரியும் அதிலேயே இருந்தது. அது என் கணவருடையது. லெப்டொப்பை வாங்கி வந்த விடுமுறையில், எல்லாவற்றையும் நானே சரிபண்ணித் தருகிறேன் என்று ஒரு பகல் முழுக்க அவர் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

சிநேகிதி கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"இதை எடுத்தா அவருக்கு ஒடனே தகவல் போயிரும். அதனால கேக்கிறேன். அவரு கோபக்காரரா? ஒனக்கு அவருகிட்ட பயம் இருக்கா?"

இல்லை என்று உடனே சொன்னேன். அவர் என்னை அடித்ததில்லை, ஏசியதும் குறைவு. ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டுவிட்டதே என்பதை என்னால் தாங்க முடியவில்லை. கணவர் சரியில்லாத பெண்களிடம் கேட்கிற கேள்வி அது. அதுவரை என்னை நான் அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததே இல்லை.

இப்போது தொட வேண்டாம், யோசித்து முடிவுசெய் என்றாள். எடுப்பதாக இருந்தால், முதலில் கணினியில் இருக்கிற நிரலை நீக்க வேண்டும். பிரவுசரில் இருப்பது அதோடு போய்விடும். நீக்குவதற்கு அவர் வைத்த கடவுச்சொல் தேவை. இவையெல்லாம் அதை வாசித்திருக்கக்கூடும் என்பதால், அதெல்லாம் முடிந்த பிறகு என் ஈமெயிலின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதையும் இந்த லெப்டொப்பில் செய்யாமல் போனில் செய்யச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேடயம் உள்ளேயே இருந்தது. அந்த வாரம் முழுக்க லெப்டொப்பில் பாட வேலைகளை மட்டும் செய்தேன். தாவரங்களின் பாகங்கள், நீர்வட்டம் என்று தேடினேன். ஒரு சொல்லைத் தட்டுவதற்கு முன் இதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசனை ஓடியது. ஒளிக்க என்னிடம் எதுவும் இல்லாதபோதும் ஒளிக்கிறவளைப் போலவே நடந்துகொண்டேன். ஒருநாள் மகள் அதில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தபோது, காரணமே இல்லாமல் அவளை அதட்டி மூடவைத்தேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

இதற்கிடையில் பரிசோதனை முடிவு வந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட வேண்டியதில்லை, சில மாதம் கழித்து மறுபடி காட்டினால் போதும் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனை எடுத்து முதலில் அவருக்குத்தான் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் கேடயத்தைப் பற்றிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே அவரை வீடியோவில் கூப்பிட்டேன். கட்டாரில் பலரோடு தங்கியிருக்கிற அறையில், மேலும் கீழுமாக இருந்த கட்டில்களில் கீழ்க்கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"லெப்டொப்புல நீங்க ஒண்ணு போட்டு வச்சிருக்கீங்க. நான் பாத்துட்டேன்," என்றேன்.

பிள்ளைக்காகப் போட்டது என்றார். இணையத்தில் எதுவெல்லாமோ வருகிறது, நானும் பக்கத்தில் இல்லை என்றார். பிள்ளை பார்ப்பது கணக்குப் பாடம், தினம் தினம் உங்களுக்கு வந்தது நான் தேடியது என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேல்கட்டிலில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. போனை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்தார்.

"மொதல்ல புள்ளைக்காகத்தான். பொறகு பழகிப்போச்சு. வேல முடிஞ்சு வந்து அதைப் பாத்தா, நம்ம வீட்டுல நடமாடுற மாதிரி இருக்கும். ஒன்ன சந்தேகப்பட்டு இல்ல."

"எனக்கு யாரோ முதுகுக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருக்குங்க. அந்தக் கட்டியப் பத்தி நீங்க என்கிட்டயே கேட்டிருக்கலாம்."

"நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

கடவுச்சொல்லை அனுப்புங்கள், எடுக்கப்போகிறேன் என்றேன். சரி என்றார். அன்றைக்கு அனுப்பவில்லை. மறுநாளும் வழக்கம்போலப் பேசினார், அனுப்பவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாக அவரிடம் எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் கடவுச்சொல் வந்தது. வேறு ஒரு சொல்லும் கூட இல்லை.

சிநேகிதி சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்தேன். நிரலை நீக்கினேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன். பட்டியலைத் திறந்தபோது கேடயம் இல்லை. போனில் ஈமெயிலின் கடவுச்சொல்லை மாற்றினேன். ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். ஏதோ ஒரு கதவைச் சாத்தி அவரை வெளியே நிறுத்திவிட்ட மாதிரிதான் இருந்தது.

மகளிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். எதையாவது புதிதாகப் போடுவதென்றால் என்னைக் கேட்டுப் போடு, நீ பார்ப்பதை நான் உன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பேன், உனக்குத் தெரியாமல் பார்க்க மாட்டேன் என்றேன். சரி என்றாள். அப்பா அம்மாவையும் பார்த்தாரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தார். நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் லெப்டொப் பக்கமே போகவில்லை. திரும்பிப் போவதற்கான டிக்கட்டைப் பார்க்க வேண்டியிருந்தபோது, திறக்கட்டுமா என்று அனுமதி கேட்டார். தன் காசில் தானே வாங்கிய ஒரு சாமானுக்கு அவர் அப்படிக் கேட்டது எனக்குச் சங்கடமாக இருந்தது. திறங்க என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்காமல் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

அவர் விமானம் ஏறிய மறுநாள், பாடசாலைக்குப் போவதற்கு முன் பிரவுசரில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை. அவரை நம்பாமல் தேடிப் பார்த்தது மனதை உறுத்தியது. ஆனாலும் இன்றைக்கும் அவ்வப்போது திறந்து பார்க்கத்தான் செய்கிறேன்.