அப்பாவின் பச்சைத் தலை

என் அப்பா பொன்னுதுரை, மலாக்கா கஜா பேராங்கில் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். ஜப்பான்காரன் ஆட்சியில் டயரும் கிடையாது, டியூபும் கிடையாது. கயிற்றைச் சுற்றியும் ரப்பர்த் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பொருத்தியும் ஊரையே உருட்டிக்கொண்டிருந்தார். எந்தச் சைக்கிளையும் ஓட வைத்த மனிதருக்குத் தன் தலையை மட்டும் சமாளிக்கத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வயதிலேயே முக்கால்வாசி நரைத்துவிட்டது.

அந்த நரையால் ஒரு சம்பந்தம் கெட்டுப்போயிருந்தது. செங் என்ற பக்கத்து ஊரில் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை வரலையா? அப்பா மட்டும் வந்திருக்கீங்க?" என்று பெண்ணின் தாய்மாமன் கேட்டுவிட்டார். வேண்டுமென்றே கேட்டார் என்பது என் கட்சி. அந்த மனிதரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1943இல் தெங்கேராவிலிருந்து அடுத்த ஜாதகம் வந்தது. பெண்ணின் பெயர் ஜெயா. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். இதுவும் தட்டிப்போனால் இனிக் கலியாணப் பேச்சையே எடுப்பதில்லை என்று அப்பா முடிவு செய்திருந்தார்.

கடையில் விற்ற முடிச்சாயமெல்லாம் சண்டை தொடங்கியதுமே காணாமல் போயிருந்தது. ஆனால் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையின் பின்கட்டில் கமலவேணி அக்கா என்பவர் பழைய துணிகளுக்குச் சாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி அவருடைய அவுரித் தொட்டியில் முங்கி எழுந்தால் கருநீலமாகிவிடும். வேட்டியில் பிடிப்பது தலையில் பிடிக்காதா என்று நினைத்தார் அப்பா. வேட்டிக்குத்தான் என்று பொய் சொல்லி அவுரிப் பொடி வாங்கிவந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழைத்து அப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

காலையில் கண்ணாடியைப் பார்த்தால், கறுப்பாக இருந்த முடி கறுப்பாகவே இருந்தது. நரைத்த முடி மட்டும் பச்சை! குளத்துப் பாசி மாதிரிப் பச்சை. சோப்புக்கும் பஞ்சம் என்பதால் அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பச்சை பளிச்சென்று ஆனது. பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் ஒரு சொங்கோக் தொப்பியை இரவல் வாங்கிக் காது வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டு, கமலவேணி அக்காவைத் தேடிக் கிளம்பினார்.

வழியில் ஜப்பான் காவல்சாவடி இருந்ததை அவசரத்தில் மறந்துவிட்டார். அங்கே யாராக இருந்தாலும் தொப்பியைக் கழற்றி, இடுப்பு வளைய வணங்கிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். இல்லாவிட்டால் கன்னம் பழுத்துவிடும். வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்ற காது கேளாத கிழவர் வணங்காமலேயே நடந்தார். சிப்பாய் கத்திக்கொண்டே கையை ஓங்கிவிட்டான். அப்பா சட்டென்று முன்னால் போய், சொங்கோக்கை உருவி, தலையை அவன் மூக்குக்கு நேராகக் குனிந்து காட்டினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. சிப்பாய் பச்சை முடியைத் தொட்டுப் பார்த்தான், தன் விரலைப் பார்த்தான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே இருந்தவனையும் கூப்பிட்டுக் காட்டினான். கிழவர் அதற்குள் சாவடியைத் தாண்டிப் போய்விட்டார். வரிசையே பார்த்துவிட்டதே, மானம் போயிற்றே என்பதுதான் அப்பாவின் கவலை.

கமலவேணி அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் திட்டினார்.

"ஏன்டா பொன்னு, வேட்டிக்குன்னுதானே கேட்ட? நரமுடியில வெறும் அவுரிய வச்சா பச்சதான்டா வரும். மொதல்ல மருதாணி வச்சுச் செவப்பு ஏத்தணும். அதுக்கு மேலதான் அவுரி."

"இப்ப என்னக்கா செய்யிறது? நாளைக்குப் பொண்ணு பாக்கணும்."

"செவப்பு ஏறினா பச்ச அடங்கிரும். ஒக்காரு. எந்திரிச்ச, ஒதைப்பேன்."

மருதாணி இலையை அரைத்து அப்பி, வாழையிலையைச் சுற்றிக் கட்டி, மத்தியானம் வரைக்கும் உட்கார வைத்தார். கழுவியபோது பச்சை போய்ச் செம்பட்டை வந்திருந்தது. அதன்மேல் ஒரு மணி நேரம் அவுரி. சாயங்காலம் அப்பாவின் தலை கறுத்துவிட்டது. நெற்றியில் படிந்த சிவப்பைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவில், தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வந்த ஜெயா அப்பாவின் தலையைப் பார்த்தார், சிரித்தார், சம்மதம் என்றார். அவர்தான் என் அம்மா.

கறுப்பு முடிதான் கலியாணத்தை முடித்துக் கொடுத்தது என்று அப்பா சத்தியமாக நம்பினார். மாதம் தவறாமல் முதலில் மருதாணி, பிறகு அவுரி. இருபத்தொரு வருடம்! வாழையிலைத் தொப்பியோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கட்டு வலியோடு மருதாணி அரைத்துக்கொண்டிருந்தவரிடம், "விட்டுத் தொலைங்களேம்பா" என்றேன்.

"இது இல்லாட்டி உங்கம்மா என்னையக் கட்டியிருப்பாளா?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு அந்த வரிசையில நானும் நின்னேன்."

அப்பாவின் கை நின்றுவிட்டது.

"அந்தப் பெரியவருக்கு விழ இருந்த அறைய, தலையக் காட்டித் தடுத்தாரே ஒரு மனுசன். மறுநா அதே மொகம் கறுப்பு முடியோட எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. கட்டினா இவரத்தான்னு அப்பவே எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"இத்தன வருசமா ஏன் சொல்லல ஜெயா?"

"எனக்காக மாசாமாசம் ஒக்காந்து அரைக்கிறீங்களே, பாக்க நல்லா இருந்துச்சு. அதான்."

 அப்பா அம்மாவின் கையிலிருந்த வெங்காயத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அரைத்த மருதாணி அவ்வளவையும் அள்ளி அம்மாவின் உள்ளங்கையில் அப்பினார். அடுத்த மாதத்திலிருந்து அவர் தலை நரைக்கத் தொடங்கியது.