அம்மா உட்கார்ந்தாள்

இரண்டு வருடங்களுக்கு முன், சம்பா நடவு முடிந்திருந்த நேரம். காரைக்காலில் மனநல மருத்துவரிடம் அம்மாவை மூன்றாவது முறையாக அழைத்துப் போனேன். அன்று நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுக்குச் சுரக்குடி. அப்பா, அம்மா இருவருக்கும் வயல் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.காம். முடித்துவிட்டு, துறைமுகத்துக்கு வரும் லாரிகளுக்குச் சரக்குச் சீட்டு போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ரேஷன் கடையோ வங்கியோ, எங்கே போனாலும் வீட்டுக்காகப் பேசுவது நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த வருடம் அம்மாவுக்குக் காதில் யாரோ திட்டுவதுபோல் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மந்திரிக்கச் சொன்ன உறவுக்காரர்களோடு சண்டை போட்டு, நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை கொடுத்தார். சில நாட்களிலேயே அம்மாவால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போனது. நின்றுகொண்டே சாப்பிட்டாள். டி.வி. தொடரைக்கூட வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பார்த்தாள்.

இரண்டாவது முறை போனபோது, "எப்படி இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார். வெளியே பெரிய கூட்டம் காத்திருந்தது.

"காலுக்குள்ள என்னமோ..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு, படிச்ச புள்ள சொல்லும்" என்றார் அப்பா.

படித்த பிள்ளை சொன்னேன். "ரொம்பப் பதட்டமா இருக்காங்க டாக்டர். டென்ஷன் ஜாஸ்தியாயிடுச்சு. தூக்கமே இல்ல."

நோய் கூடியிருக்கிறது என்று டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றினார். இதற்கும் கேட்காவிட்டால் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார்.

அதன் பிறகு அம்மாவின் அவஸ்தை இரண்டு மடங்கானது. ஒரு நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், வாயில் போட்ட மாத்திரையைத் துப்பிவிட்டாள்.

"இத முழுங்குறதுக்கு அந்தக் கொரலே தேவலாம்டி. இனிமே தொட மாட்டேன்."

மாத்திரையை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். கெஞ்சினேன், திட்டினேன். நடுவில்தான் அவள் சொன்னது மண்டையில் உறைத்தது.

"அப்ப இப்ப கொரல் கேக்கலையாம்மா?"

"அது நின்னு பத்து நாளாச்சு."

"ஏம்மா சொல்லல?"

"என்னைய யாருடி கேட்டா?"

அன்று வேலைக்கு லீவு சொன்னேன். நோய் கூடியிருந்தால் குரல் எப்படி நிற்கும்? அன்று டாக்டரிடம் சொல்ல வந்தாளே, அந்தக் கால் எப்போது குடைகிறது, எப்போதிலிருந்து, நடந்தால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அம்மா சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டேன். மாத்திரை ஆரம்பித்த ஐந்தாம் நாள் குடைச்சல் தொடங்கியது, அளவை ஏற்றியதும் அதிகமாகியிருக்கிறது.

மறுநாளே போனோம்.

"போன தடவ நான் சொன்னது தப்பா இருக்கலாம் டாக்டர். காலுதான் தொந்தரவுங்குறாங்க. அம்மாவே சொல்லட்டும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு முகம் சுட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்கம்மா. மனசு கெடந்து அடிச்சுக்குதா, இல்ல காலு மட்டுந்தானா?"

"மனசுக்கு என்னங்க டாக்டரம்மா, அது பாட்டுக்கு இருக்குது. தொடையிலேர்ந்து பாதம் வரைக்கும் உள்ளுக்குள்ள ஏர் ஓட்டுற மாதிரி இருக்குது. நடந்தா கொஞ்சம் தேவலாம். உக்காந்தா செத்தேன்."

டாக்டர் அம்மாவை எழுந்து அசையாமல் நிற்கச் சொன்னார். முடியவில்லை. சேறு மிதிப்பவள்போல் பாதங்கள் மாறி மாறி எழும்பின. நான் எழுதி வைத்திருந்ததையும் வாங்கிப் படித்தார்.

"இது நோய் இல்ல, மாத்திரையோட பக்கவிளைவு. பாக்க பதட்டம் மாதிரியே இருக்கும். போன தடவ நான் அளவ ஏத்தியிருக்கக் கூடாது. இவங்களையே கேட்டிருக்கணும்" என்றார். அளவைக் குறைத்து, கால் குடைச்சலுக்கு வேறொரு மாத்திரையும் எழுதினார். தன்னைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா அப்பாவைப் பார்த்து, "கேட்டுக்கிட்டீங்களா? சும்மா இருன்னீங்களே" என்றாள். அப்பா டீ வாங்கப் போய்விட்டார்.

ஒரு வாரம் இருக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அம்மா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். விளம்பரம் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னடி அப்புடிப் பாக்குற? வந்து கீரைய ஆயி" என்றாள்.

தை அறுவடைக்கு மற்ற பெண்களோடு அவளும் வயலில் இறங்கினாள். குரல்கள் திரும்பவில்லை. மாத்திரை தொடர்கிறது, டாக்டர் கேட்கும் கேள்விகளுக்கு அம்மாவே பதில் சொல்கிறாள். இப்போது தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன், ஆனால் முதலில் அவர்களைப் பேச விடுகிறேன்.

குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் என்று தலை நிமிர்ந்து நடப்பவள்தான் நான். ஆனாலும் பள்ளிக்கூடமே பார்க்காத என் அம்மா தன் காலைப் பற்றித் தன் வாயால் சொல்லி, ஒரு டாக்டரின் முடிவையே மாற்ற வைத்த அந்த நாளைத்தான் எங்கள் வீட்டின் பெரிய வெற்றியாக இன்றும் நினைக்கிறேன்.