மொட்டைப் பெட்டிசத்துக்குள் ஒரு பெயர்

“…திறந்து வாசிச்சித் தரட்டாம், ராத்தா. என்னையே வாசிச்சித் தரட்டாம்!”

கடைப் படி ஏறும்போதே டீச்சர் பேச்சின் பாதியில் இருந்தார். ஸ்கூட்டியை வெயிலிலேயே விட்டிருந்தார். கையிலிருந்த பென் டிரைவை என் மேசையில் வைத்த விதம், சுடுகிற எதையோ கீழே போட்டதுபோல இருந்தது.

“ஆரு டீச்சர்? என்னத்த?”

“எங்கட பள்ளிக்கூட அதிபர். நாம எழுதின பெட்டிசத்த.”



சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் நான் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் நான் ராத்தா, அக்கா. தட்டச்சு, போட்டோக் கொப்பி, படிவம் நிரப்புதல் எல்லாம் செய்வேன். கணினியை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஆரம்பத்தில் எல்லோரையும்போல நானும் கள்ள மென்பொருள்தான் போட்டிருந்தேன். ஒரு நாள் வைரஸ் வந்து ஒரு வருட வேலையைத் தின்றுவிட்டுப் போனது. அதன்பிறகு ஒரு நோன்பு மாதம் முழுக்கக் குந்தியிருந்து லினக்ஸ் பழகினேன். எழுதுவதற்கும் அதில் வருகிற இலவச மென்பொருள்தான்.

“தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கப்படாது ராத்தா, அதான் உங்கட மெசின்ல எழுத்தெல்லாம் இடம் மாறுது” என்று வாடிக்கைக்காரர்கள் சீண்டுவார்கள்.

“இந்த மாட்டுக்குப் பல்லு மட்டுமில்ல, வயித்தத் திறந்து குடலையும் பாக்கலாம். ஆரும் ஏசமாட்டாங்க” என்பேன் நான்.

அது பொய்யில்லை. செய்தவர்களே உள்ளே இருப்பதை உலகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். யார் என்ன தட்டுகிறார்கள் என்று ஒளிந்து பார்த்து, எங்கேயோ இருக்கிற ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை அதில் இல்லை. “என்ட மெசினுக்கு வாயில்ல” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். அந்தச் சொல்லை நம்பித்தான் பெண்கள் வெளியில் காட்ட விரும்பாத கடிதங்களைக் கொண்டுவருவார்கள். பத்து நாளைக்கு முன்னர் டீச்சரும் அப்படித்தான் வந்தார்.

அவர் படிப்பிக்கிற பாடசாலையில் தண்ணீர்த் தாங்கி நான்கு தூணில் நிற்கிறது. கடற்காற்று தின்று, மூன்றாவது தூணில் கொங்கிறீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. அவருடைய இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் வரிசையில் நின்று தண்ணீர் குடிக்கிறார்கள். அதிபரிடம் இரண்டு தரம் சொன்னாராம். முதல் தரம் பெயின்ட் அடித்தார்கள். இரண்டாம் தரம் அதிபர் சிரித்துக்கொண்டே, “டீச்சருக்குப் பொத்துவில் பக்கம் போக ஆசபோல” என்றாராம். டீச்சருக்கு எட்டு மாதத்தில் பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது. பொத்துவிலுக்கு இடமாற்றம் என்றால் விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு பஸ் ஏற வேண்டும், பின்னேரம் அசருக்குப் பிறகுதான் வீடு.

ஆகவே மொட்டை. பெயர் போடாத பெட்டிசத்துக்கு, அதாவது முறைப்பாட்டுக் கடிதத்துக்கு, எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மொட்டை எழுதுவதற்கு இங்கே ஓர் ஒழுங்கும் இருக்கிறது. கையால் எழுதக் கூடாது. சொந்த ஊரில் தபால் போடக் கூடாது. கடைசியில் ‘இப்படிக்கு, பெற்றோர்’ என்றோ ‘நலன்விரும்பிகள்’ என்றோ முடிக்க வேண்டும். “மொட்டையெண்டா மழுமழுண்டு இரிக்கோணும், தடவினாக் கையில ஒண்டும் குத்தப்படாது” என்று பெட்டிசம் எழுதியே பழகிய ஒருவர் என் கடையில் குந்தியிருந்து சொல்வார்.

டீச்சர் வீட்டில் தன் மடிக்கணினியிலேயே அடித்துக்கொண்டு வந்திருந்தார். நான் பிழை பார்த்து, பந்தி பிரித்தேன். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. எந்தக் கணினியிலும் தெரிகிற யுனிகோடுக்கு மாற்றுவோம் என்றதற்கு, “வேணாம் ராத்தா, கல்விக் கந்தோர்ல எல்லா மெசினும் பாமினிதான்” என்றார். தபாலுக்கு நாள் எடுக்கும், தூண் அவ்வளவு நாள் பொறுக்காது என்று, பெயரில்லாத மின்னஞ்சல் முகவரி ஒன்றைப் புதிதாகத் திறந்து கல்வி அலுவலகத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். நான் கோப்பை அப்படியே பென்னில் போட்டுக் கொடுத்தேன். எழுத்துச் சிதறாமல் பீடிஎஃப் ஆக்கிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

கந்தோர்க்காரர்கள் அந்தக் கோப்பை, ‘விளக்கம் தரவும்’ என்ற ஒரே வரியோடு அதிபருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிபரின் புது மடிக்கணினியில் பாமினி இல்லை. தமிழ் எல்லாம் இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியுமாய்ச் சிதறிக் கிடந்திருக்கிறது.

“ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி, இது என்ன பாச டீச்சர், பேய்க்கி எழுதின மாதிரி இரிக்கி எண்டு கேக்காரு. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் நீங்கதானே, இடைவேள முடியிறதுக்குள்ள வாசிக்கிற மாதிரி ஆக்கித் தாங்க எண்டு பென்னுல போட்டுத் தந்தாரு. இன்னும் கால் மணித்தியாலம் இரிக்கி ராத்தா.”

கோப்பைத் திறந்தேன். என் கணினியில் பாமினி இருந்தபடியால் தமிழ் தமிழாகவே வந்தது. இதை யுனிகோடாக்கி அச்சடித்துக் கொடுத்தால் முடிந்தது, அதிபர் பெயரில்லாத ஒரு கடிதத்தை வாசிக்கப்போகிறார், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஏதோ உறுத்த, கோப்பின் பண்புகள் என்ற பக்கத்தைத் தட்டினேன்.

அங்கே இரண்டு வரிகள் இருந்தன. உருவாக்கியவர்: டீச்சரின் முழுப் பெயர், வாப்பாவின் முதலெழுத்தோடு. கடைசியாகத் திருத்தியவர்: என் கடையின் பெயர்.

மடிக்கணினி வாங்கிய நாளில் யாரோ அந்தப் பெயரை அதற்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு டீச்சர் எழுதிய ஒவ்வொரு கோப்பின் வயிற்றிலும் அது ஏறியிருக்கிறது. நான் திறந்து திருத்தியபோது என் பெயரும் ஏறிவிட்டது. அந்தக் கணத்தில் என் கண் முதலில் போனது என் கடைப் பெயருக்குத்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

டீச்சர் என் தோளுக்கு மேலால் குனிந்து வாசித்தார்.

“மொட்டையில மயிர் முளைச்சிரிக்கே, ராத்தா.”

அவர் சிரிக்கவில்லை.

“அதிபர் இதப் பாத்திருப்பாரா?”

“எழுத்தே தெரியாம உங்கள்ட்ட தந்தவரு இத எங்க பாக்கிற? பாத்திருந்தா உங்கள அனுப்பியிருக்க மாட்டாரு.”

“நீங்கதானே சொன்னீங்க, உங்கட மெசினுக்கு வாயில்லயெண்டு?”

“மெசின் ஒண்டும் சொல்லல்ல டீச்சர். கோப்புக்குள்ள நாமளே எழுதி அனுப்பியிரிக்கம். நான்தான் பாக்காம விட்ட. என்ட பிழை.”

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. எழுத்துருவை மாற்றினேன். மாற்றியதில் சில கொம்புகளும் கால்களும் இடம் மாறி விழ, அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். பெயர்களை அழித்தேன். பண்புகள் பக்கத்தை மறுபடி திறந்து, வெறுமையாக இருப்பதை அவருக்குக் காட்டினேன். இரண்டு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன்.

“இது சுத்தம். இதக் கொண்டுபோய்க் குடுங்க, பென்னுலயும் இதத்தான் போட்டிரிக்கன்.”

“அவர்ட மெயில்ல கெடக்கிறது?”

“அது கெடக்கும்.”

“கந்தோர்ல?”

“அங்கயும் கெடக்கும். அனுப்பினத நம்மளால இழுக்கேலா டீச்சர்.”

“எத்தின நாளைக்கி?”

“ஆராவது அந்தப் பக்கத்தத் தட்டிப் பாக்கிற வரைக்கும். நாளைக்கும் பாக்கலாம். ஒரு நாளும் பாக்காமலும் உடலாம்.”

டீச்சர் வாடிக்கைக்காரருக்குப் போட்டிருக்கிற கதிரையில் மெல்ல இருந்தார். “எங்கட வாப்பா மீன் யாவாரம். அவர் சொல்லுவாரு, மீன மூடலாம், மணத்த மூடேலாண்டு. ஒவ்வொரு நாளும் அதிபர்ர மூஞ்சியப் பாத்து, இண்டைக்கித் தெரியுமோ, இண்டைக்கித் தெரியுமோ எண்டு எப்படி ராத்தா புள்ளைகளுக்குப் பாடம் நடத்துற? தெரிஞ்ச அண்டைக்கித் தூணப்பத்திக் கதைக்க மாட்டாரு. என்னப்பத்தித்தான் கதைப்பாரு.”

நான் வாயைத் திறக்குமுன் அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். அதிபர்.

என் கடை சின்னது. போனுக்குள் இருந்து வருகிற குரல் சுவரில் பட்டுத் திரும்பும்.

“டீச்சர், சரிவந்ததா?”

“ஓம் சேர். திறந்தாச்சி. தமிழ்தான், எழுத்துத்தான் மாறிக் கெடந்த.”

“என்னவாம்? ஆரு எழுதின எண்டு கண்டுபுடிக்கேலுமா?”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. தாளைக் காட்டி, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று கையால் சொன்னேன்.  அந்தக் கைச்சாடையில் அவருக்கான பயம் எவ்வளவு, என் கடைக்கான பயம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது.

“ஏலும் சேர்” என்றார் டீச்சர். “முதல்ல வாசிக்கன், கேளுங்க.”

சொல்வதெழுதலுக்கு வாசிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக, அவசரமில்லாமல் தொடங்கினார். மூன்றாவது தூண். வெளியில் தெரியும் கம்பி. மேலே பூசிய பெயின்ட். கீழே வரிசையில் நிற்கும் முப்பத்திரண்டு பிள்ளைகள். நடுவில் ஒரு தரம் அந்தப் பக்கத்தில் இருந்து “டீச்சர்…” என்று கேட்டது. அவர் நிறுத்தவில்லை. முதல் தாள் முடிந்து இரண்டாம் தாளுக்குப் போனார். ‘இப்படிக்கு’ என்று வாசித்தார். அதற்குக் கீழே ‘பெற்றோர்’ என்று இருந்தது. தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் முழுப் பெயரைச் சொன்னார், வாப்பாவின் முதலெழுத்தோடு.