காட்டாத கார்டு

என் வீட்டுக்காரர் ஓர்வல் டாக்கெட் லேசில் யாரையும் நம்பமாட்டார். வியட்நாம் போரில் பட்டாளம் அவர் தலைமேல் தெளித்த காட்டையழிக்கும் மருந்துக்கும் அவருக்கு வந்த சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை என்று அரசாங்கம் பல வருஷம் சாதித்தது. பிறகு ஒருநாள், சம்பந்தம் உண்டு என்றது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? லாரி மெக்கானிக்காக இருந்தபோதும், டிரைவர் சொன்ன கோளாறை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார்.

போன வருஷம் எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் இலவசமாகப் பான்கேக் போட்டார்கள். செலவு பிரெண்ட் என்ற இன்சூரன்ஸ் ஏஜென்டுடையது. பட்டாளத்துப் பச்சையில் ஒரு தொப்பி வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். எங்கள் கூடத்துக்குள் தொப்பியோடு நுழைந்தால் மணி அடிப்பார்கள். நுழைந்தவன் எல்லோருக்கும் குடிக்க வாங்கித் தரவேண்டும். பட்டாளத்தில் இருந்தவன் எவனும் இதை மறக்கமாட்டான். ஓர்வல் எழுந்துபோய் மணியை அடித்தார்.

"தம்பி எந்தப் பட்டாளம்?"

"பட்டாளத்துல இருந்தேன்னு நான் சொல்லலையே சார். தொப்பி கம்பெனி குடுத்தது."

எல்லோரும் சிரித்தார்கள், அவன் காசில் குடித்தார்கள். ஓர்வல் தண்ணீர்கூடத் தொடவில்லை.

"அரசாங்கம் நடத்துற உங்க படைவீரர் ஆஸ்பத்திரி உங்களுக்கு அப்படியே இருக்கும்" என்று ஓர்வலிடம் ஆரம்பித்தான் பிரெண்ட். "வயசானவங்களுக்கு அரசாங்கம் தர்ற மெடிகேர் இன்சூரன்ஸை எங்க கம்பெனி மூலமா வாங்கிக்கறீங்க, அவ்வளவுதான். வெளி ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க கார்டு. பல்லும் கட்டித் தருவோம்."

"எனக்கு வைத்தியமெல்லாம் அங்கதான். உங்க பக்கமே வராத ஆளுக்குக் கார்டு குடுத்து உங்களுக்கு என்ன லாபம்?"

பிரெண்ட் பாகு எடுத்துவரப் போய்விட்டான். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுக்கிறது என்பதைப் பக்கத்து மேஜைக்காரர்தான் சொன்னார்.

இருந்தும் நான் நச்சரித்துக் கையெழுத்துப் போடவைத்தேன். மனிதருக்குப் பல் நாலுதான் மிச்சம், அவருக்குப் பல் கட்டப் படைவீரர் ஆஸ்பத்திரியில் வழியில்லை. கார்டு வந்ததும் புதுச் சந்தேகம் முளைத்தது. இதை ஒரே ஒரு தடவை நீட்டினால் போதும், 'இவனுக்குத்தான் வேறு இடம் இருக்கிறதே' என்று படைவீரர் ஆஸ்பத்திரியில் பேரை அடித்துவிடுவார்களாம். சங்கத்தில் பாதிப் பேர் இதையே சொன்னார்கள். ஆகப் பல்லும் கட்டவில்லை. பிஸ்கட் என்கிற எங்கள் ஊர் ரொட்டியைக் கிரேவியில் ஊறவைத்தே தின்றார்.

ஆகஸ்டில் தக்காளிப் பாத்தியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிடவிடவில்லை. காரில் ஏற்றினேன். டவுன் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், படைவீரர் ஆஸ்பத்திரி மலை இறங்கி இரண்டு மணி நேரம்.

"டெல்ஃபியா, டவுனுக்குத் திருப்பாத."

"யோவ், நீ செத்தா எல்லா ஆஸ்பத்திரியும்தான் உன் பேரை அடிக்கும். பேசாம வா." டவுன் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினேன்.

"அந்தக் கார்டைக் காட்டமாட்டேன்னு சத்தியம் பண்ணு. அப்பதான் இறங்குவேன்."

முகம் சாம்பலாகியிருந்தது. அந்த நிலையில் வாதாட நான் என்ன வக்கீலா? சத்தியம் பண்ணினேன். உடனே கதவைத் திறந்து இறங்கினார். உலகத்தில் யார் சொன்னாலும் இரண்டாவது தடவை கேட்கிறவர், என்னைக் கேட்கவில்லை. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் கார்டை எடுத்து நீட்டினேன்.

இரத்தக் குழாய் அடைப்பை எடுத்து, பிழைக்க வைத்தார்கள். கண் விழித்ததும் முதல் பேச்சே அதுதான்.

"காட்டினியா?"

"காட்டினேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேர் அப்படியேதான் இருந்தது. யாரும் எதையும் அடிக்கவில்லை. 'பார்த்தியா' என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். நர்ஸ் விவரங்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள்.

"உங்களால பேச முடியாதப்போ உங்களுக்காக முடிவு எடுக்கறது, பழையபடி மனைவிதானே?"

நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஓர்வல் என்னைப் பார்த்தார், லாரி டிரைவர்களைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.