இரைச்சல் நீக்கும் பொத்தான்

சென்ற ஆண்டு, தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தபோது, மலேசியாவில் ஈப்போவிலிருந்து லகாட்டைத் தாண்டிப் போனால் வரும் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் இது நடந்தது. அன்று நாங்கள் அங்கே போனது ஒரு மைக்கைச் சோதித்துப் பார்க்க. அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு நடந்ததை மனம் இன்னும் முழுதாக நம்ப மறுக்கிறது.

நாங்கள் என்றால் நானும் என் கணவரின் தங்கையும். நான் இடைநிலைப்பள்ளி ஒன்றின் நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். சிலிபினில் பிறந்து வளர்ந்த பட்டணத்துக்காரி. அவள் சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பல ஆண்டுகள் சமைத்தவள். கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும் கீரைகளைத் தேடிப் பறித்து, சமைத்துக் காட்டும் சிறிய வீடியோக்களை இருவரும் சேர்ந்து எடுத்து இணையத்தில் வெளியிட்டு வந்தோம். கேமராவுக்கு முன்னால் அவள், பின்னால் நான்.

படம் தெளிவாக இருந்தது. ஒலிதான் காலை வாரியது. வெளியில் எடுத்த காட்சிகளில் எல்லாம் காற்று 'புஸ் புஸ்' என்று மோதி அவள் பேச்சை விழுங்கிவிடும். "அக்கா சொல்றது ஒன்னும் கேக்கல லா, காத்துதான் சமைக்குது" என்று ஒருவர் பின்னூட்டம் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்றே சட்டைக் கழுத்தில் மாட்டும் கம்பியில்லா மைக் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

ஈப்போவில் கேமரா சாமான்கள் விற்கும் கடையில் இருந்த சீன இளைஞர் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். எடை குறைந்த முக்காலி, முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் மடக்கக்கூடிய வெள்ளி நிற வட்டத் தட்டு, பிறகு மைக். மைக்கின் தலையில் மாட்டக் காற்றுறை இரண்டு வகையில் இருந்தது: ஒன்று பஞ்சு, மற்றொன்று சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று ரோமம் வைத்தது. ரோமம் வைத்ததுதான் நல்லது என்றார். தொழில்காரர்கள் அதைச் 'செத்த பூனை' என்றுதான் அழைப்பார்களாம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் என் நாத்தனார் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"அண்ணி, செத்த பூனையக் கழுத்துல மாட்டிக்கிட்டு நான் கீரை கடையணுமா? பாக்குறவன் வாயில சோறு வைப்பானா?"

கடைக்காரருக்கு மொழி புரியவில்லை, முகம் புரிந்தது. அவரும் சிரித்துவிட்டார். மூன்றையும் வாங்கிக்கொண்டோம். பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுவரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் நான் காரை எடுக்க முன்னால் நடந்துவிட்டேன். பின்னாலிருந்து "ஊ... ஊ..." என்று நீண்ட குரல் எழுந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. காற்றுறையைக் கடையில் மறந்துவிட்டோம் என்று அவள் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியா நடுத்தெருவில் கூவுவது? அண்ணி என்று கூப்பிட்டால் ஆகாதா?" என்று கேட்டேன்.

"பழக்கம் அண்ணி. ரப்பர் பால் வெட்டப் போற காட்டுல ஆளக் கூப்பிடக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பேரச் சொன்னாலும் சரி, மொறையச் சொன்னாலும் சரி, வேற எதாச்சும் திரும்பிப் பாத்துரும். ஊ போட்டா நம்ம ஆளு மட்டும் திருப்பி ஊ போடும்."

"இது காடில்லை, ஈப்போ" என்றேன். "சரி லா, இனிமே வாட்சாப்ல ஊ போடுறேன்" என்றாள். அத்துடன் அந்தப் பேச்சை நான் மறந்துபோனேன்.

சோதனை செய்ய நாங்கள் தேர்ந்தெடுத்த தோட்டம் விற்கப்பட்டு நீண்ட காலம் ஆகிவிட்டது. சில வரிசைப் பால்மரங்களும், லாலான் புல்லும், ரப்பர்ப் பால் சேர்த்து வைத்த, கூரை போன பால் ஸ்டோரின் சிமெண்டுப் படிகளும்தான் மிச்சம். மரங்களுக்கு அப்பால் பழைய ஈயச் சுரங்க நிலம், எங்கள் பேச்சில் லம்பம். ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சிய சேற்றை அந்தக் காலத்தில் அங்கேதான் தேக்கி வைத்திருக்கிறார்கள். மேலே காய்ந்து புல் முளைத்துவிட்டால் அது வெறும் தரையாகவே தெரியும். இதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்குப் பால்மரக் காடு தெரியும், லம்பம் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியாது.

முந்தின நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதலில் உறை இல்லாமல், பிறகு பஞ்சுடன், பிறகு ரோம உறையுடன் அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். காலையில் நல்ல காற்று இருந்தது. ரோம உறை போட்டதும் காற்று அப்படியே அடங்கிப்போனதைக் கேட்டு எனக்குச் சொல்ல முடியாத மகிழ்ச்சி.

அடுத்தது தூரம். நான் கேமராவையும் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்துப் படியில் அமர்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டே மரங்களுக்குள் நடந்தாள். எந்த இடத்தில் குரல் அறுகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் என் காதோரமாகவே பேசினாள்.

"அண்ணி, கேக்குதா? கேட்டா மண்டைய ஆட்டுங்க... ஆட்டுனாலும் எனக்குத் தெரியாது லா... இங்க ஒரே கொசு. பூனையக்கூட கடிக்குது... ஐயோ, கங்கோங் கீரை பாருங்களேன்! தளதளன்னு கெடக்கு. ஒரு கை பறிச்சிட்டு வாரேன்."

பிறகு ஒரு தொப்பென்ற ஓசை. துணி உரசுவது போன்ற கரகரப்பு. குனிந்து பறிக்கிறாள், மைக் சட்டையில் உரசுகிறது என்று எண்ணிக்கொண்டேன். அடுத்து 'ஊ' என்ற மெல்லிய இழுவை காதில் விழுந்தது. சற்று நின்றது. மறுபடி வந்தது.

காற்று, என்று நினைத்தேன். மரங்களுக்கு வெளியே வெட்டவெளியில் பலமாக வீசுகிறது போலும். ரோம உறையையும் மீறி வருகிறதே என்று எனக்கு ஏமாற்றம்கூட ஏற்பட்டது. மைக்கின் ஒலியை வாங்கி என் ஹெட்போனுக்குத் தரும் சின்னப் பெட்டியில் இரைச்சலை நீக்கும் ஒரு பொத்தான் உண்டு. கையேட்டை முதல் நாளே நான் முழுவதும் படித்திருந்தேன். மனிதர் பேசும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஓசைகளை அது அகற்றிவிடும் என்று எழுதியிருந்தது. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் ஏது? அழுத்தினேன்.

சட்டென்று எல்லாம் அடங்கியது. ஹெட்போனுக்குள் அப்படியொரு தூய்மை. அபாரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

பிறகு, எவ்வளவு காற்றை இந்தப் பொத்தான் அடக்கியது என்று பார்ப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. லாலான் புல் காற்றில் சாய்வதை ஒரு காட்சியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கேமராவைத் திருப்பினேன்.

லாலான் அசையவில்லை.

மூச்சு விட்டாலே ஆடும் புல் அது. அதன் வெள்ளைப் பூக்கள் வரைந்து வைத்தாற்போல் நின்றன. நிமிர்ந்து பால்மரங்களைப் பார்த்தேன். ஓர் இலைகூட அசையவில்லை. காலையில் வீசிய காற்று எப்போது நின்றது என்பதை நான் கவனிக்கவே இல்லை. என் காதுக்குள் அடித்தது என்ன காற்று?

பொத்தானை மறுபடி அழுத்தினேன். 'ஊ...' இடைவெளி. 'ஊ...' அந்த இடைவெளியில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஹெட்போனை எப்போது கழற்றினேன், எப்படி ஓடினேன் என்பது நினைவில் இல்லை. பக்கத்தில் கிடந்த முக்காலி கையில் இருந்தது. தோளில் மாட்டியிருந்த பையில் வட்டத் தட்டு இருந்தது. மரங்கள் முடியும் இடத்தில் பச்சைப் பசேலென்று கங்கோங் படர்ந்திருந்தது. அதன் நடுவில் அவளுடைய தலையும் தோள்களும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் சாம்பல் நிறச் சேற்றுக்குள். மார்புவரை இறுகிப் பிடித்திருந்ததால் அவளால் கத்த முடியவில்லை. உதடுகளைக் குவித்து, இருக்கிற கொஞ்ச மூச்சை அந்த ஒற்றை எழுத்தாக வெளியே விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஓடிய வேகத்தில் என் ஒரு கால் கணுக்கால்வரை இறங்கிவிட்டது.

"வராதீங்க," என்றாள் அவள். காற்றாகத்தான் வந்தது சொல்.

பின்னால் விழுந்து காலை உருவிக்கொண்டேன். வட்டத் தட்டை விரித்து அவள் பக்கம் எறிந்தேன். அதன்மேல் இரண்டு கைகளையும் பரப்பி அவள் தொங்கிக்கொண்டாள். கெட்டியான தரையில் குப்புறப் படுத்து முக்காலியை முழுதாக நீட்டினேன். அவள் அதன் காலைப் பற்றினாள். இழுத்துப் பார்த்தேன், அணுவளவும் அசையவில்லை. கைப்பேசியோ படியில், கேமராவோடு இருந்தது. முக்காலியை விட்டுவிட்டு ஓட எனக்குத் துணிவில்லை. மலாயிலும் தமிழிலும் மாறி மாறி உதவி கேட்டுக் கத்தினேன். என் குரல் உடைந்து அங்கேயே விழுந்தது.

"ஊ போடுங்க அண்ணி," என்றாள்.

என் வாழ்நாளில் நான் அப்படிக் கூவியதில்லை. நூலகத்தில் மற்றவர்களை மெல்லப் பேசச் சொல்லியே காலம் கழித்தவள் நான். கண்ணை மூடிக்கொண்டு கூவினேன். இரண்டாவது முறை கூவியதும், லம்பத்து நிலத்துக்கு அப்பாலிருந்து ஒரு பதில் வந்தது. 'ஊ' என்றுதான். ஆண் குரல். அந்தத் திசையைப் பார்த்து மறுபடி கூவினேன்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தமிழர் அவர். என் வயதுதான் இருக்கும். வேலி ஓரமாகச் சுற்றி, மாட்டுக் கயிற்றோடு ஓடிவந்தார். எதுவும் கேட்கவில்லை. கயிற்றை வளையமாக்கி வீசினார். அவள் கைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டதும் மறுமுனையை ஒரு பால்மரத்தில் சுற்றினார். "தங்கச்சி, ஒதறாதம்மா. கால மெல்லமா ஆட்டு. நாங்க இருக்கோம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இருவரும் இழுக்க, சேறு அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. கடைசியில் அவள் வெளியே வந்து புல்லில் மல்லாந்தபோது, செருப்பு இரண்டும் உள்ளேயே போயிருந்தன. வலது கையில் ஒரு கொத்துக் கங்கோங் அப்படியே இருந்தது.

பிறகு அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். சேறு அப்பிய ரோம உறைக்கு அடியில் மைக்கின் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"செத்த பூனை பொழைச்சிருச்சு அண்ணி," என்றாள். அதைக் கேட்டு நான் அழத் தொடங்கினேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பூனை எங்கே என்று அவருக்கு விளங்கவில்லை.

மருத்துவமனையில் விலாவில் அடி, வேறொன்றுமில்லை என்று சொல்லி இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். தீபாவளிக்கு முறுக்குப் பிழியக்கூட அவள் வந்துவிட்டாள். அந்தப் பதிவை நான் திறக்கவே இல்லை. ஒருநாள் அவளே கேட்டாள், "போடுங்க பாப்போம். எம் பாட்ட நானும் கேக்கணுமுல்ல."

கூடத்தில் அமர்ந்து கேட்டோம். கொசுவைத் திட்டுகிறாள். கங்கோங்கைப் பார்த்து மகிழ்கிறாள். தொப்பென்ற ஓசை. இரண்டு மூன்று 'ஊ'. பிறகு நான் பொத்தானை அழுத்திய இடம். அங்கிருந்து ஒன்றுமே இல்லை. கொசுவின் ரீங்காரம்கூட இல்லாத, கழுவித் துடைத்த அமைதி. அது ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகம் மாறியது.

"இது எந்த எடம் அண்ணி?"

சொன்னேன். காற்று என்று நினைத்ததையும் சொன்னேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பதான் எனக்கு மைக்கு ஞாபகம் வந்துச்சு," என்றாள் மெதுவாக. "அண்ணி காதுலதான இருக்கோம்னு தைரியம் வந்துச்சு. தாடையக் கழுத்துல வெச்சு அழுத்தி, இருக்குற மூச்செல்லாம் சேத்துப் போட்டேன். அதுதான் பெரிய ஊ."

அந்தப் பெரிய குரல் பதிவில் இல்லை. பேச்சல்ல என்று கருவி அதை ஒதுக்கிவிட்டது. அதற்கு முன்பே நானும் ஒதுக்கியிருந்தேன். நாங்கள் பதிவு செய்தவற்றிலேயே ஒலித்தரம் மிக உயர்ந்த பகுதி எதுவென்று கேட்டால், அவள் புதைந்துகொண்டிருந்த அந்த நேரத்தைத்தான் நான் காட்ட வேண்டியிருக்கும்.

அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "மைக்கு நல்ல மைக்குதான். திருப்பிக் குடுத்துராதீங்க," என்றாள்.

நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றும் அதே மைக்தான், அதே ரோம உறைதான், அவள் முன்னால், நான் பின்னால். ஆனால் ஹெட்போனுக்குள் துளி இரைச்சலும் இல்லாமல் எல்லாம் சுத்தமாகக் கேட்கிறபோதெல்லாம், நான் செய்வதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி, இலைகளையும் அவள் நிற்கும் இடத்தையும் ஒருமுறை கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.