வண்டி ஓடுதா, நிக்குதா?

போன வாரம் கண் டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரி போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, சாயங்காலம் வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸின் போர்டே தெரியாதவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் என்ன செய்வது?

நல்லவேளையாக எங்கள் தெரு ஏழுமலை அன்றைக்குக் காரில் வந்திருந்தார். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர். ரிப்பேருக்குக் கொடுத்திருந்த மோட்டாரை வாங்க வந்தவர், திரும்பும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார்.

உட்கார்ந்ததும் ஒரு சின்ன டெமோ காட்டினார். போனை டேஷ்போர்டில் இருந்த ஸ்டாண்டில் மாட்டினார். புளூடூத் போட்டார். கால் வந்தால் அதுவே எடுத்துக்கொள்ளுமாம், ஸ்பீக்கரில் பேசுமாம்.

"ஸ்டீயரிங்க விட்டு கைய எடுக்கவே மாட்டேங்க்கா" என்றார், பெருமையாக.

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடி பைக் ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோமே... அவர்களோடு ஒப்பிட்டால் ஏழுமலைக்கு அவார்டே கொடுக்கலாம்.

பொம்மையார்பாளையத்தை நெருங்கும்போது போன் அடித்தது. அவர் மனைவி கலைவாணி, உப்பளத்திலிருந்து.

"கடல் பக்கம் கருத்துக்கிட்டு வருதுங்க. லாரியில பாதி லோடுதான் ஏறியிருக்குது. அம்பாரத்த மூடச் சொல்லவா, ஏத்தச் சொல்லவா?"

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். வாரிக் குவித்த உப்பு அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள். லோடு ஏற்றும்போதுதான் திறப்பது. திறந்து கிடக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் உப்பு கண்ணெதிரே கரைந்து ஓடும். சரி, மூடிவிட்டால்? லாரி காத்திருக்காது, பக்கத்து உப்பளத்துக்குப் போய்விடும். அதனால் 'மூடு' என்ற வார்த்தை குத்தகைக்காரர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை தார்ப்பாயில் யாரும் கை வைக்க மாட்டார்கள். மூடச் சொல்லி மழை வராமல் போனால் பழியை யார் சுமப்பது?

ஏழுமலை விசாரிக்க ஆரம்பித்தார். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, காற்று எப்படி, தூறல் உண்டா, லாரி டிரைவர் என்ன சொல்கிறார்... கலைவாணியும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கை என்னவோ ஸ்டீயரிங்கில்தான் இருந்தது. ஆனால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் பக்கம் சாய்ந்து, கண்ணாடி வழியே வானத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

திடீரென்று பிரேக். சீட் பெல்ட் நெஞ்சை அழுத்தியது.

கார் மூக்குக்கு எதிரே மங்கலாக ஒரு புடவை. தலையில் அலுமினியப் பேசின். மீன் விற்கிற அம்மா ஒருவர், ரோட்டைப் பாதி கடந்திருந்தார்.

அவர் கத்தவில்லை. பேசினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நிதானமாக டிரைவர் பக்கம் வந்தார். ஏழுமலையின் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"கையில போன் கூட இல்ல. அப்புறம் எங்கதாம்பா பாத்துக்கிட்டு வந்தே?"

கேட்டுவிட்டு, அந்த அம்மா பதிலுக்கு நிற்காமல் ரோட்டைக் கடந்து போய்விட்டார். பேசினிலிருந்த மீன் வாசனை காருக்குள் வந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அவ்வளவு பக்கம்.

காரில் இருந்தது நாலு கண். இரண்டில் சொட்டு மருந்து, இரண்டு மேகத்தில். ரோட்டுக்கென்று ஒன்றுகூட இல்லை!

ஸ்பீக்கரில் கலைவாணி என்னங்க, என்னங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை என்றார் ஏழுமலை. சொன்ன குரலே காட்டிக்கொடுத்துவிட்டது.

"மொதல்ல வண்டிய ஓரம் கட்டுங்க. இங்க நான் மூடச் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். ஓரம் கட்டினோம். ஏழுமலை பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்து முடித்தார். மீதி தூரம் மெதுவாகவே ஓட்டினார்.

உப்பளத்துக்கு வந்து சேர்ந்தபோது என் கண் கொஞ்சம் தெளிந்திருந்தது. அம்பாரம் முழுக்கத் தார்ப்பாய். லாரி பாதி லோடோடு வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. மழை? மேகம் கடலோடு கடலாக அப்படியே நகர்ந்து போய்விட்டது. ஒரு சொட்டு இல்லை. சுள்ளென்று வெயில்.

வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஏழுமலையின் முகத்தையே பார்த்தார்கள். கலைவாணியும் பார்த்தார். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

ஏழுமலை தார்ப்பாயைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"லோடு நாளைக்கு ஏத்திக்கலாம். அந்தம்மா மேல மோதியிருந்தா..."

கலைவாணி முந்தானையை விட்டார்.

யோசித்துப் பாருங்கள். போனை எங்கே வைப்பது என்றுதான் நாம் எல்லோரும் கவலைப்படுகிறோம். ஸ்டாண்ட் வாங்குகிறோம், ஹெட்செட் வாங்குகிறோம். கைக்கு விடுதலை கொடுத்துவிட்டோம், சரி... மனசுக்கு? வீட்டில், கடையில், ஆபீஸில் 'நீங்க சொன்னாத்தான்' என்று ஒரு முடிவு நமக்காகக் காத்துக்கொண்டிருந்தால், போன் டேஷ்போர்டில் இருந்தால் என்ன, டிக்கியில் இருந்தால் என்ன? அடித்ததும் நாம் அங்கே போய்விடுவோம். வண்டி மட்டும் இங்கே தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஏழுமலை வீட்டில் இப்போது புது ஏற்பாடு. அவர் கார் சாவியை எடுத்தால், 'மூடு' சொல்லும் அதிகாரம் கலைவாணிக்கு. மழை வந்தாலும் வராவிட்டாலும் பேச்சு கிடையாது. அப்படியும் போன் பண்ண வேண்டி வந்தால் கலைவாணி கேட்கிற முதல் கேள்வி, "வண்டி ஓடுதா, நிக்குதா?" ஓடுகிறது என்று பதில் வந்தால் அடுத்த வார்த்தை பேசாமல் வைத்துவிடுகிறார்.

எனக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் வேலை முடிந்து பைக்கில் வருகிறவர். ஹெல்மெட்டுக்குள் ஹெட்செட் மாட்டியிருப்பார். பாலிலிருந்து பருப்பு வரைக்கும் நான் லிஸ்ட் சொல்லுவது அந்த நேரத்தில்தான். நேற்று மாலை போன் போட்டேன். எடுத்ததும், வழக்கமான அதட்டலை விட்டுக் குரலைக் கொஞ்சம் இதமாக்கிக்கொண்டு கேட்டேன்.

"வண்டி ஓடுதா, நிக்குதாங்க?"

அந்தப் பக்கம் பைக்கை ஓரம் கட்டி நிறுத்துவது கேட்டது. பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்...

"யாருங்க பேசறது?"