ஏரிக்குள் முதல் கியர்

யுத்தம் முடிந்த மறுவருஷம் ஆபீசில் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். பட்டாளம் ஓட்டித் தேய்த்துக் கழித்த வண்டி. நான் அப்போது தர்மபுரியில் மாட்டு டாக்டர். சுற்றுப்பட்டு ஊர்களில் மாடுகளுக்கு வெக்கை நோய் பரவிக்கொண்டிருந்தது. தடுப்பு மருந்தை ஐஸ் போட்ட தெர்மாஸ் குடுவையில் வைத்து, சூடேறுவதற்குள் கிராமத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இனி சைக்கிளில் ஆகாது என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

தார் ரோட்டில் ஓட்டுவது கஷ்டமாக இல்லை. தொப்பூர் வரைக்கும் போய்த் திரும்பினேன், ஒன்றும் ஆகவில்லை. வேகமாகப் போனால் வண்டி தானே நிமிர்ந்து நிற்கிறது. மெதுவாகப் போனால்தான் விழுகிறது. என் வேலையோ மெதுவாகப் போக வேண்டிய இடங்களில்தான் இருந்தது. வண்டித்தடம், ஓடை மணல், சந்தைக்கு ஓட்டிப்போகும் மாட்டுக் கூட்டம்.

கடத்தூர்ப் பக்கம் முதல் தடவை போனபோது எதிரே ஒரு பாரவண்டி வந்தது. மாடுகள் சத்தம் கேட்டுக் காதை விடைத்துக்கொண்டன. மிரண்டால் பாரம் குடைசாய்ந்துவிடுமே என்று வேகத்தைக் குறைத்தேன். குறைத்த இடத்திலேயே தடத்துப் பள்ளத்தில் சாய்ந்தேன். புகைக்குழாய் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. வண்டிக்காரர் இறங்கி வந்து என்னைத் தூக்கினார். மாடுகள் மிரளவே இல்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தன. குடுவை உடைந்து போயிருந்தது. காலை இழுத்துக்கொண்டு ஊருக்குள் போய், ஊசிக்காகக் கட்டி வைத்திருந்த மாடுகளை அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் குழந்தை காய்ச்சலில் போய் அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் நானும் என் மனைவியும்தான். சாப்பாடு ஆச்சா, தண்ணீர் வந்ததா என்பதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அன்று அவள் என் காலுக்கு மருந்து போட்டபடி எப்படி விழுந்தேன் என்று கேட்டாள். சொன்னேன்.

குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஏரி கோடையில் வற்றிக் கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் வண்டியை அதற்குள் இறக்கிப் பழக ஆரம்பித்தேன். முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும், பின்பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு போக வேண்டும். காலை ஊன்றக் கூடாது. நானோ கல்லுக்குக் கல் ஊன்றினேன். இடது கை மரத்துப்போகும். பகலெல்லாம் மாடு பிடித்த தோள், அதற்குமேல் இந்த இரும்பு. எதற்கு இந்தப் பாடு, மாற்றல் எழுதிக் கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அவள் கரையிலிருந்து இறங்கி வந்தாள்.

"நான் முன்னால நடக்கறேன். நீங்க பின்னாலயே வாங்க. என்னைத் தாண்டக் கூடாது, நிக்கவும் கூடாதுங்க."

அவள் நடந்தாள். முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனவரை வண்டி ஆடியது. அவள் முதுகைப் பார்த்தபோது ஆட்டம் குறைந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சத்தத்தை வைத்தே, வேகம் ஏறுது, பயப்படறீங்க என்பாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். திரும்புகிற இடங்களில் மட்டும் நான் பலநாள் விழுந்தேன். அவள் நின்று, நான் வண்டியைத் தூக்கும்வரை காத்திருந்து, மறுபடி நடப்பாள்.

நாளாக ஆக அவள் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. என்னைச் சோதிக்கத்தான் அப்படி நடக்கிறாள் என்று நினைத்தேன். அவளைத் தாண்டாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். ஒருநாள் ஏரியின் நடுவில் அப்படியே நின்று, வெடித்த களிமண்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் இஞ்சினை அணைத்தேன். அத்தனை நேரம் இரைந்ததற்குப் பிறகு காது அடைத்தது போலிருந்தது.

"கொழந்தைக்குக் காய்ச்சல் கண்டப்ப நீங்க அரூர்ல இருந்தீங்க," என்றாள். "வந்துருவீங்கன்னு வாசல்ல சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தேன். எந்த வண்டி போனாலும் நீங்கதான்னு எந்திரிச்சுப் போவேன்."

எனக்கு ஆள் வந்து சொன்னதே மறுநாள்தான். அது அவளுக்கும் தெரியும். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க அசதிதான் இருந்தது. இருட்டும் முன்பு இருவருமாக வண்டியைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மறுநாளும் வந்தாள், முன்போலவே நடந்தாள். எனக்குத்தான் அவள் முதுகைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

வைகாசியில் சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றில் நோய் கண்டது. குடுவையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்கு முன்னால் தடம் நிறைய மாடுகள் வந்துகொண்டிருந்தன. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தவை; மோட்டார் சத்தமே கேட்டிராதவை. இஞ்சின் இரையாமல், கால் ஊன்றாமல், கொம்புகளுக்கு நடுவே ஊர்ந்தேன். ஒரு கிடேரி என் முழங்காலை உரசிக்கொண்டு போனது. ஒன்றுகூட மிரண்டு ஓடவில்லை. மேய்த்து வந்தவர்களில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"வெயிலுக்கு முன்னாலயே வருவீங்கன்னு பாத்தோம்," என்றார் ஊர்ப் பெரியவர்.

பொழுது சாயும்வரை ஊசி போட்டேன். கடைசியில் விரல்கள் மடங்கவில்லை. அந்த ஊரில் சில மாடுகள் செத்தன, பல பிழைத்தன. ஊசி மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சோறு போட்டாள். கிடேரி என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள். செவலை என்றேன்.

ஆடியில் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் சாயங்காலங்களில் கரைமேல் நடந்தோம். வண்டி வீட்டில் கிடந்தது. சில நாள் பேசினோம். களைப்பாக இருந்த நாட்களில் சும்மா நடந்துவிட்டு வந்து படுத்துக்கொண்டோம்.